முதிர்கரு நிரலாக்கம்

முதிர்கரு நிரலாக்கம் என்பது, ஒரு குழந்தை தாயின் கருப்பையில் இருக்கும் காலத்திலும் பிறந்த பின் முதல் ஓரிரு ஆண்டுகளிலும் பெறும் ஊட்டம், பிற்காலத்தில் அதன் உடல் சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் முறையைப் பெருமளவு வரையறுக்கிறது என்னும் மருத்துவ அறிவியல் கருத்து ஆகும். இது பார்க்கர் கருதுகோள் என்றும், விரிந்த பொருளில் உடல்நலம் மற்றும் நோயின் வளர்ச்சிக்காலத் தோற்றுவாய் என்றும் குறிப்பிடப்படுகிறது. இரண்டாம் வகை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், உடற்பருமன் ஆகியன நடுத்தர வயதின் உணவுப் பழக்கத்தாலும் உழைப்பின்மையாலும் மட்டும் வருவன அல்ல. அவற்றின் வேர்களில் ஒரு பகுதி பிறப்புக்கு முன்னரே ஊன்றப்படுகிறது என்பது இக்கருத்தின் சாரம். எனினும் இது மாற்ற இயலாத விதி அன்று. நோய்க்கான வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் பல காரணிகளுள் ஒன்றாகவே இதனைக் கொள்ளவேண்டும்.

பெயர்

உடலின் வளர்ச்சியில் உணர்திறன் மிக்க ஒரு காலகட்டத்தில் ஏற்படும் தூண்டல், உறுப்பின் அமைப்பையோ செயற்பாட்டையோ நிலையாக மாற்றிவிடுவதைக் குறிக்க, நிரலாக்கம் என்னும் சொல்லைப் பிரித்தானியக் குழந்தை மருத்துவர் ஆலன் லூக்கசு 1991 இல் எடுத்தாண்டார். கணினித் துறையில் இருந்து வந்தது போல் தோன்றும் இச்சொல், ஒருமுறை எழுதிய நிரல் அப்படியே இயங்கும் என்ற எண்ணத்தைத் தரக்கூடும். உண்மையில் கரு, கிடைக்கும் ஊட்டத்திற்கு ஏற்பத் தன் வளர்ச்சியைச் சரிசெய்துகொள்கிறது. பிறப்புக்குப் பின்னரும் அது சூழலுக்கு ஏற்ப மாறுகிறது. இதனால் ஆய்வாளர் சிலர் இச்சொல்லைத் தவிர்த்து, வளர்ச்சிக்கால நெகிழ்வுத்தன்மை என்ற தொடரைப் பயன்படுத்துகின்றனர்.

வரலாறு

நோர்வே நாட்டு மருத்துவர் ஆன்டர்சு போர்சுடால் 1977 இல் ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார். இதய நோய் செல்வச் செழிப்பின் நோய் என்று கருதப்பட்ட காலம் அது. ஆனால் நோர்வேயில் முன்பு வறுமையும் குழந்தை இறப்பும் மிகுந்திருந்த பகுதிகளிலேயே பிற்காலத்தில் இதய நோய் இறப்புகள் மிகுந்திருந்தன. இளமையில் வறுமையும் பின்னர் செழிப்பும் சேர்ந்து வருவதே தீங்கு விளைவிக்கிறது என்று அவர் கருதினார்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோய்ப்பரவியல் அறிஞர் டேவிட் பார்க்கர் (1938–2013), புள்ளியியலாளர் கிளைவ் ஆசுமண்டுடன் இணைந்து 1986 இல் இதை ஒத்த முடிவொன்றை வெளியிட்டார். இங்கிலாந்து, வேல்சு நாடுகளின் 212 உள்ளாட்சிப் பகுதிகளில், 1921–1925 காலத்துக் குழந்தை இறப்பு வீதமும், 1968–1978 காலத்து இதய நோய் இறப்பு வீதமும் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன. ஆனால் இது ஊர்களைப் பற்றிய முடிவு. தனி மனிதர்களைப் பற்றியது அன்று. தனி மனிதர்களின் பிறப்பு எடையும் இறப்புக் காரணமும் ஒருங்கே தெரிந்தால்தான் இதனைச் சோதிக்க முடியும்.

அத்தகைய பதிவேடுகள் ஆர்ட்ஃபோர்டுசையர் மாவட்டத்தில் கிடைத்தன. அங்கு மருத்துவச்சிகளை மேற்பார்வையிட்ட எத்தல் மார்கரெட் பர்ன்சைடு என்னும் அம்மையார், 1911 முதல் மாவட்டத்தில் பிறந்த குழந்தைகளின் எடையைப் பிறப்பிலும் ஓராண்டு நிறைவிலும் பதிவு செய்யும் முறையை ஏற்படுத்தியிருந்தார். 1911–1930 இல் பிறந்த 5,654 ஆண்களின் பதிவுகளைக் கொண்டு பார்க்கர் குழுவினர் 1989 இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு நிறைவில் ஏறத்தாழ 8 கிலோகிராமோ அதற்குக் குறைவாகவோ எடை இருந்தோரின் இதய நோய் இறப்பு வீதம், 12 கிலோகிராமுக்கு மேல் எடை இருந்தோரின் வீதத்தைப் போல் இருமடங்குக்கும் மேலாக இருந்தது.

1992 இல் வேதியியல் நோயியலாளர் நிக்கலசு ஏல்சும் பார்க்கரும் சிக்கனப் புறத்தோற்றக் கருதுகோளை முன்வைத்தனர். ஊட்டம் குறைந்த கரு, கிடைப்பதை மூளைக்கு முதலில் ஒதுக்கி, தசை, கணையம், சிறுநீரகம் போன்றவற்றின் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது. இச்சிக்கனம் பற்றாக்குறைச் சூழலில் உயிர் பிழைக்க உதவும். பின்னாளில் உணவு மிகுந்தால், அதே அமைப்பு நீரிழிவுக்கு வழிகோலும். அமெரிக்க மரபியலாளர் சேம்சு நீல் 1962 இல் கூறிய சிக்கன மரபணுக் கருதுகோளில் இருந்து இது வேறுபட்டது. நீல் பல தலைமுறைகளின் இயற்கைத் தேர்வைக் காரணமாகக் காட்டினார். ஏல்சும் பார்க்கரும் ஒரே கருவின் வளர்ச்சிக் காலத்தைக் காட்டினர்.

டச்சுப் பட்டினிக் குளிர்காலம்

கருவுற்ற பெண்களைப் பட்டினியிட்டு ஆராய்தல் அறமாகாது. ஆகவே இத்துறையின் முதன்மையான சான்றுகள் வரலாற்றில் நேர்ந்த பஞ்சங்களில் இருந்து பெறப்பட்டவை. அவற்றுள் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டது நெதர்லாந்தின் பட்டினிக் குளிர்காலம் ஆகும்.

1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகளுக்கு உதவியாக, இலண்டனில் இருந்து இயங்கிய டச்சு அரசு தொடர்வண்டிப் பணியாளர்களை வேலைநிறுத்தம் செய்ய அழைத்தது. அதற்குப் பதிலடியாக, நாட்டை ஆக்கிரமித்திருந்த செருமானியர்கள் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதைத் தடை செய்தனர். நவம்பரில் நீர்வழிப் போக்குவரத்துக்கு இசைவு கிடைத்தபோது, கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்துபோயின. நவம்பர் இறுதியில் ஒருவருக்கான நாள் பங்கீடு 1,000 கிலோகலோரிக்குக் கீழ் இறங்கியது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அது 400 முதல் 800 கிலோகலோரி வரையே இருந்தது. மக்கள் சர்க்கரைக் கிழங்கையும் துலிப் மலர்க் கிழங்கையும் உண்டனர். ஏறத்தாழ 20,000 பேர் இறந்தனர். 1945 மே மாதத்தில் நாடு விடுதலை பெற்றதும், சில வாரங்களிலேயே பங்கீடு 2,000 கிலோகலோரியைத் தாண்டியது.

இப்பஞ்சத்திற்குத் தெளிவான தொடக்கமும் முடிவும் இருந்தன. அதற்கு முன்னும் பின்னும் மக்கள் ஓரளவு போதிய உணவு பெற்றிருந்தனர். பிறப்புப் பதிவேடுகளும் பாதுகாக்கப்பட்டிருந்தன. இதனால் ஒரு குழந்தை கருவின் எந்த மாதத்தில் பஞ்சத்திற்கு ஆட்பட்டது என்று கணக்கிட முடிந்தது. முதன்மையான முடிவுகள் பின்வருமாறு:

1. கருக்காலத்தின் இறுதி மூன்று மாதங்களில் பஞ்சத்திற்கு ஆட்பட்ட குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன. தொடக்க மாதங்களில் மட்டும் ஆட்பட்டவை இயல்பான எடையுடன் பிறந்தன.
2. 1976 இல் வெளியான ஆய்வில், 19 வயதில் படைச் சேர்ப்பின்போது சோதிக்கப்பட்ட ஏறத்தாழ 3,00,000 ஆண்களுள், கருக்காலத்தின் முற்பாதியில் ஆட்பட்டோரிடையே உடற்பருமன் மிகுந்திருந்தது. இறுதி மாதங்களிலும் பிறந்த பின் முதல் மாதங்களிலும் ஆட்பட்டோரிடையே அது குறைந்திருந்தது.
3. 1998 இல் வெளியான ஆய்வில், ஆம்சுட்டர்டாமில் பிறந்து 50 வயதை எட்டிய 702 பேருக்குக் குளுக்கோசு சோதனை செய்யப்பட்டது. கருக்காலத்தின் நடுவிலோ இறுதியிலோ ஆட்பட்டோரின் இரத்தச் சர்க்கரை, குளுக்கோசு அருந்தி இரண்டு மணி நேரத்திற்குப் பின் ஒப்பீட்டளவில் உயர்ந்திருந்தது.
4. 2000 இல் வெளியான ஆய்வில், தொடக்க மாதங்களில் ஆட்பட்டோரிடையே இதய நாடி நோய் மிகுந்து காணப்பட்டது.

இம்முடிவுகளால் இரண்டு உண்மைகள் புலப்பட்டன. ஒன்று, எந்த உறுப்பு பாதிக்கப்படும் என்பது பற்றாக்குறை நேர்ந்த காலத்தைப் பொறுத்தது. மற்றொன்று, பிறப்பு எடை இயல்பாக இருந்தாலும் பாதிப்பு இருக்கக்கூடும். எனவே பிறப்பு எடை ஒரு தோராயமான அடையாளமே.

1932–1933 இல் உக்ரைனில் நேர்ந்த பெரும்பஞ்சமும் பின்னர் ஆராயப்பட்டது. 1930–1938 இல் பிறந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கி 2024 இல் வெளியான ஆய்வு, கருக்காலத்தின் தொடக்கத்தில் கடும் பஞ்சத்திற்கு ஆட்பட்டோருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு இருமடங்குக்கும் மேல் இருந்ததைக் காட்டியது.

லெனின்கிராது: எதிர்மாறான முடிவு

1941 செப்டம்பர் முதல் 1944 சனவரி வரை செருமானியப் படைகளின் முற்றுகைக்கு உள்ளான லெனின்கிராது நகரிலும் கடும் பட்டினி நிலவியது. ஆனால் அப்போது கருவில் இருந்தோரைப் பற்றி 1997 இல் வெளியான ஆய்வில், அவர்களின் சர்க்கரை கையாளும் திறனில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை.

இவ்வேறுபாட்டிற்குப் பெரிதும் கூறப்படும் விளக்கம் பொருத்தமின்மை என்பதாகும். டச்சுக் குழந்தைகள் பட்டினிக்குப் பின் விரைவில் நிறைவான உணவு பெற்றனர். லெனின்கிராதிலோ முற்றுகைக்கு முன்னும் பின்னும் உணவு போதுமானதாக இல்லை. கருவில் கிடைத்த ஊட்டத்திற்கும் பின்னர் வாய்த்த சூழலுக்கும் இடையே பெரிய இடைவெளி இல்லாததால் பாதிப்பு வெளிப்படவில்லை என்று கருதப்படுகிறது.

இயங்குமுறை

கருவில் நேர்ந்த ஒன்று ஐம்பது ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படுவது எவ்வாறு என்பதற்குப் பல வழிகள் காட்டப்படுகின்றன. இவற்றுள் பல விலங்காய்வுகளின் வழி அறியப்பட்டவை.

கணையம்: இன்சுலினைச் சுரக்கும் பீட்டா உயிரணுக்களின் அடித்தளம் பிறப்புக்கு முன்னரும் குழந்தைப் பருவத்திலும் அமைகிறது. உணவில் புரதம் 20 விழுக்காட்டிற்குப் பதில் 8 விழுக்காடு மட்டும் அளிக்கப்பட்ட தாய் எலிகளின் குட்டிகளில் இவ்வுயிரணுக்களின் அளவு குறைந்திருந்தது.

சிறுநீரகம்: இரத்தத்தை வடிகட்டும் சிறுநீரகத்திகள் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து இலட்சம் உள்ளன. இவை உருவாவது கருவின் 36 ஆம் வாரமளவில் நின்றுவிடுகிறது. அதன் பின் புதியவை தோன்றுவதில்லை. எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொன்றின் மீதும் சுமை கூடி, இரத்த அழுத்தம் உயர வழியுண்டு.

தசை: குளுக்கோசைப் பெருமளவில் பயன்படுத்துவது தசையே. தசை குறைந்து பிறக்கும் குழந்தை பின்னர் எடை கூடும்போது, தசையைவிடக் கொழுப்பே மிகுதியாகச் சேரும்.

இயக்குநீர்: தாயின் இரத்தத்தில் உள்ள கார்ட்டிசோல் என்னும் இயக்குநீர் மிகுதியாகக் கருவை அடையாதபடி, சூல்வித்தகத்தில் உள்ள ஒரு நொதி அதனைச் செயலிழக்கச் செய்கிறது. புரதம் குறைந்த உணவு எலிகளில் இக்காப்பைத் தளர்த்துகிறது.

மேல்மரபியல்: மரபணுவின் எழுத்து வரிசை மாறாமல், அது செயற்படும் அளவு மட்டும் மாறுவதை மேல்மரபியல் ஆராய்கிறது. டி.என்.ஏ. மீது மெத்தில் தொகுதிகள் இணைவது இம்மாற்றங்களுள் ஒன்று. 2003 இல் ராபர்ட் வாட்டர்லேண்டு, ராண்டி சிர்ட்டில் ஆகியோர், மஞ்சள் நிறமும் பருத்த உடலும் பெறக்கூடிய மரபுடைய சுண்டெலிகளை ஆராய்ந்தனர். தாய்க்கு ஃபோலிக் காடி, உயிர்ச்சத்து பி12, கோலின், பீட்டெயின் ஆகியவற்றைக் கூடுதலாக அளித்தபோது, பழுப்பு நிறக் குட்டிகள் மிகுதியாகப் பிறந்தன. மரபணு ஒன்றே, தாயின் உணவு அது வெளிப்படும் முறையை மாற்றியது. மனிதரிலும் இதை ஒத்த தடயம் உண்டு. டச்சுப் பட்டினிக் காலத்தில் கருவானோரிடம், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும், வளர்ச்சியைச் சார்ந்த ஐ.சி.எஃப்.2 மரபணுவின் மெத்தில் இணைவு, பட்டினிக்கு ஆட்படாத அவர்தம் உடன்பிறந்தோரைவிடக் குறைந்திருந்ததை 2008 ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆயினும் இம்மாற்றமே நோயை விளைவிக்கிறது என்று இதனால் நிறுவப்பட்டுவிடவில்லை.

இந்தியாவில் ஆய்வுகள்

இத்துறையின் முதல் உலக மாநாடு 2001 இல் மும்பையில் நடைபெற்றது. குறைந்த எடையுடன் பிறக்கும் குழந்தைகளும் நீரிழிவு நோயாளிகளும் ஒருங்கே மிகுந்துள்ள நாடாகையால், இந்தியாவுக்கு இக்கருத்து தனிப்பட்ட முறையில் பொருந்துகிறது.

மருத்துவர் சித்தரஞ்சன் யாச்னிக் தலைமையில் 1993 இல் தொடங்கிய புனே தாய்மை ஊட்டச்சத்து ஆய்வு, புனே அருகே ஆறு சிற்றூர்களில் மேற்கொள்ளப்பட்டது. கருவுறுவதற்கு முன் இப்பெண்களின் சராசரி எடை ஏறத்தாழ 42 கிலோகிராம். அவர்களுடைய குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோகிராம், ஒப்பிடப்பட்ட சவுத்தாம்ப்டன் குழந்தைகளின் எடை 3.5 கிலோகிராம். ஆனால் இந்த வேறுபாடு உடலெங்கும் சமமாக இல்லை. புனேக் குழந்தைகளில் தசையும் வயிற்று உறுப்புகளும் மிகக் குறைந்திருக்க, தோலுக்கடியிலான கொழுப்பு பெரும்பாலும் குறையாமல் இருந்தது. மெலிந்த தோற்றமும் மிகுந்த கொழுப்பும் கொண்ட இவ்வமைப்பு, இந்தியர்களுக்கு ஒப்பீட்டளவில் குறைந்த உடல் எடையிலேயே நீரிழிவு வருவதை விளக்க உதவுகிறது.

உணவின் அளவைவிட அதன் தரமே இங்கு முதன்மையாகத் தெரிந்தது. கீரை, பழம், பால் ஆகியவற்றை அடிக்கடி உண்ட தாய்மாரின் குழந்தைகள் கூடுதல் எடையுடன் பிறந்தன. தாய்மாரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு உயிர்ச்சத்து பி12 குறைந்திருந்தது. ஃபோலேட்டு மிகுந்தும் பி12 குறைந்தும் இருந்த தாய்மாரின் குழந்தைகளிடம், ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு மிகுந்து காணப்பட்டது.

தில்லியில் 1969–1972 காலத்தில் பிறந்து தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட 1,492 பேரைப் பற்றிய ஆய்வு 2004 இல் வெளிவந்தது. முப்பது வயதை ஒட்டி நீரிழிவோ அதன் முன்னிலையோ கண்டோர், இரண்டு வயது வரை மெலிந்திருந்து, அதன் பின் தம் வயதினரைவிட விரைவாக எடை கூடியவர்கள். மெலிந்த குழந்தையைக் கொழுக்க வைப்பதே நலம் என்னும் பரவலான எண்ணம் மறுபரிசீலனைக்கு உரியது என்பதை இது காட்டுகிறது.

மிகை ஊட்டம்

பற்றாக்குறை போலவே மிகுதியும் தீங்கு தரும். தாயின் இரத்தச் சர்க்கரை உயர்ந்தால், குளுக்கோசு சூல்வித்தகம் வழியே கருவை அடைகிறது. தாயின் இன்சுலின் அவ்வாறு செல்வதில்லை. ஆகவே கரு தன் கணையத்தில் இருந்து மிகுதியாக இன்சுலினைச் சுரந்து, கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த பீமா பழங்குடியினரிடையே, தாய்க்கு நீரிழிவு வருவதற்கு முன் பிறந்த பிள்ளைகளும் வந்த பின் பிறந்த பிள்ளைகளும் ஒப்பிடப்பட்டனர். ஒரே பெற்றோருக்குப் பிறந்திருந்தும், பின்னவர்களுக்கு நீரிழிவு வாய்ப்பு மிகுந்திருந்தது. மரபணுவால் மட்டும் இதனை விளக்க இயலாது. இக்காரணத்தால் கருக்கால நீரிழிவைக் கண்டறிதல் இரு தலைமுறைக்குமான தடுப்பாகக் கருதப்படுகிறது. சென்னை மருத்துவர் வி. சேசய்யா, கருவுற்ற பெண்கள் உணவு உண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோசு அளித்து இரண்டு மணி நேரத்திற்குப் பின் ஒரே முறை சோதிக்கும் எளிய முறையை வலியுறுத்தினார். தமிழ்நாட்டில் 2007 இல் கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் இச்சோதனை செய்ய அரசு ஆணையிட்டது.

சர்க்கரையைப் பற்றிய அண்மைச் சான்று பிரித்தானியாவில் இருந்து வந்தது. போர்க்காலத்தில் தொடங்கிய சர்க்கரைப் பங்கீடு அங்கு 1953 செப்டம்பரில் முடிந்தது. அதன் பின் மக்கள் உண்ட சர்க்கரை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிராமில் இருந்து 80 கிராமாக உயர்ந்தது. அவ்வெல்லைக்கு முன்னும் பின்னும் பிறந்தோரை ஒப்பிட்ட 2024 ஆம் ஆண்டு ஆய்வில், கருக்காலத்திலும் குழந்தைப் பருவத்திலும் பங்கீட்டுக் காலத்தைக் கழித்தோருக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஏறத்தாழ 35 விழுக்காடும் உயர் இரத்த அழுத்தம் 20 விழுக்காடும் குறைந்திருந்தன.

மாற்றுக் கருத்துகள்

• ஏழைத் தாயின் குழந்தை பின்னரும் ஏழைமையிலேயே வளரக்கூடும். எனவே காரணம் கருக்காலமா, பிற்கால வறுமையா எனப் பிரித்தறிதல் கடினம். உடன்பிறந்தோரை ஒப்பிடும் ஆய்வுகள் இக்குறையை ஓரளவு நீக்குகின்றன.
• பஞ்சத்தில் பிழைத்தோர் இயல்பாகவே வலுவானவர்களாக இருந்திருக்கலாம். பஞ்சத்தின்போது கருவுற்றோரும் மற்றோரில் இருந்து வேறுபட்டிருக்கலாம்.
• ஆண்ட்ரூ ஆட்டர்சிலி, சான் டூக்கு ஆகியோர் 1999 இல் வேறொரு விளக்கம் தந்தனர். இன்சுலின் கருவின் வளர்ச்சிக்கும் தேவையானது. இன்சுலின் செயற்பாட்டைக் குறைக்கும் மரபணு, பிறப்பு எடையையும் குறைத்து, பின்னர் நீரிழிவையும் தரலாம்.
• பிறப்பு எடைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் இடையிலான தொடர்பு தொடக்கத்தில் மிகைப்படுத்தப்பட்டது என 2002 இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று கூறியது.

இன்று மரபணு, கருக்காலம், பிற்கால வாழ்முறை ஆகிய மூன்றும் சேர்ந்தே செயற்படுகின்றன என்பது பெரும்பாலோர் ஏற்கும் நிலை.

தலையீட்டு ஆய்வுகள்

மும்பையின் குடிசைப் பகுதிகளில் 6,513 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வில், ஒரு சாராருக்குக் கருவுறுவதற்கு முன்பிருந்தே கீரை, பழம், பால் சேர்ந்த சிற்றுண்டி நாள்தோறும் வழங்கப்பட்டது. மறு சாராருக்கு நுண்சத்துக் குறைந்த காய்களால் ஆன சிற்றுண்டி தரப்பட்டது. மொத்தத்தில் பிறப்பு எடையில் தெளிவான வேறுபாடு ஏற்படவில்லை. ஆனால் கருவுறுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே உண்ணத் தொடங்கியோரின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதல் எடையுடன் பிறந்தன. கருக்கால நீரிழிவும் 12.4 விழுக்காட்டில் இருந்து 7.3 விழுக்காடாகக் குறைந்திருந்தது. பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை அறியும் முன்னரே உறுப்புகள் உருவாகத் தொடங்கிவிடுவதால், கருக்காலத்தில் மட்டும் ஊட்டம் அளிப்பது காலந்தாழ்ந்ததாகிவிடுகிறது என்று இதில் இருந்து பொருள் கொள்ளப்படுகிறது.

பிறந்த பின் முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டும் கொடுக்குமாறு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. கருவுற்றது முதல் குழந்தையின் இரண்டாம் பிறந்தநாள் வரையிலான காலம் முதல் ஆயிரம் நாட்கள் என ஊட்டச்சத்துத் திட்டங்களில் சுட்டப்படுகிறது.

சமூகப் பொருள்

இக்கருத்து, பிள்ளையின் நோய்க்குத் தாயே காரணம் என்று பழிப்பதற்கு இடமளித்துவிடக்கூடாது என்பதை ஆய்வாளர்கள் வலியுறுத்துகின்றனர். ஆம்சுட்டர்டாமின் தாய்மார் தாம் விரும்பிப் பட்டினி கிடக்கவில்லை. கருவுறும்போது 42 கிலோகிராம் எடையே இருந்த புனேப் பெண்களின் நிலை, அவர்கள் சிறுமியராக இருந்தபோது கிடைத்த உணவாலும், செய்த உழைப்பாலும், வீட்டில் யார் முதலில் உண்பது என்னும் வழக்கத்தாலும் உருவானது. ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அவளது வாழ்நாள் கருமுட்டைகள் அவளுடைய சூலகத்தில் உருவாகிவிட்டிருக்கும். ஆகவே ஒரு பேரக்குழந்தையின் உடல்நலத்தில் பாட்டி உண்ட உணவுக்கும் பங்கிருக்கலாம் என்ற வினா ஆராயப்பட்டு வருகிறது.

தனி ஒருவரைப் பொறுத்தவரை, குறைந்த எடையுடன் பிறந்தது நீரிழிவு வரும் என்பதற்கு உறுதியான அறிகுறி அன்று. அத்தகையோர் எடை அளவு மீறாமல் பார்த்துக்கொள்வதும், உடலுழைப்பைப் பேணுவதும், இரத்தச் சர்க்கரையை உரிய காலத்தில் சோதித்துக்கொள்வதும் கூடுதல் பயன் தரும். சமூகத்தைப் பொறுத்தவரை, நீரிழிவுத் தடுப்பு நாற்பது வயதினருக்கான மருத்துவமனையில் தொடங்குவதைவிட, வளரிளம் பெண்களின் உணவுத் தட்டில் தொடங்கவேண்டும் என்பதே இவ்வாய்வுகள் சுட்டும் திசை.